நின்றுகொண்டிருந்த லாரிகள்

காலையில் சார்ட் ஒட்ட மைதாப் பசை காய்ச்சினேன். கிளறக் கிளறக் கெட்டிப்பட்டு வந்தது. பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டதும் அந்த மாவு வாசனை அறை முழுக்க நிறைந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் துப்பட்டா நுனியில், உன் நகக்கண்ணில், பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நீ தூங்கும்போது மடியில் கிடக்கும் உன் கையில் எப்போதும் இருந்த வாசனை அது. கடையில் பசை டப்பா கிடைக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். "கடைப் பசை ஒரு மாசத்துல உரிஞ்சிரும்டி. இது சுவத்தோட சுவரா நிக்கும்" என்றாய். இத்தனை நாளும் நீ காய்ச்சுவாய், நான் சார்ட் வெட்டுவேன். இன்றைக்குத்தான் முதன்முதலாக நான் காய்ச்சுகிறேன். கட்டி தட்டிவிட்டது.

உனக்கு எழுத வேண்டும் என்று ஐந்து மாதமாக நினைப்பதும் பயந்து தள்ளிப்போடுவதுமாக இருந்தேன். எழுதத் தொடங்கினால் அந்த ரோட்டைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. ஆனால் நேற்று கவியரசி விஷயம் ஒரு முடிவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு முடித்த அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்குப் போவாளா மாட்டாளா என்பதுதான் பொங்கலுக்குப் பிறகு என்னை வாட்டிய கேள்வி. அதன் பதிலை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் பேசப் பயப்படுகிறவள். பெரம்பலூரில் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து நின்றேனே தவிர, வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீதான் "இருக்காங்க சார்" என்றாய். அதன் பிறகு மூன்று வருடமும் அந்த வேலையை நீயே பார்த்துக்கொண்டாய். நான் எறையூர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். நீ ஆண்டிமடம் பக்கம், முந்திரி உடைக்கிற வீடு. இரண்டு வீட்டிலும் நமக்கு முன்னால் கல்லூரிக்குள் போனவர்கள் இல்லை. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்க ஆளில்லாமல், கம்ப்யூட்டர் படிக்கப் போகிறோம் என்று நினைத்து வணிகவியலில் போய் உட்கார்ந்தவள் நான். நர்ஸாக வேண்டும் என்றிருந்த நீ, அதற்குப் பதினொன்றிலேயே உயிரியல் எடுத்திருக்க வேண்டும் என்பதைப் பன்னிரண்டு முடித்த பிறகு தெரிந்துகொண்டாய்.

அதனால்தான் அந்தச் சின்ன அறக்கட்டளையில் வேலை வந்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்து நீயே சரி சொன்னாய். நான்கு நடுநிலைப் பள்ளிகள், ஆறு முதல் எட்டு வரை, வாரம் ஒரு வகுப்பு. எப்படிப் படிப்பது, நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது, எட்டுக்குப் பிறகு எங்கே, பன்னிரண்டுக்குப் பிறகு எங்கே, எந்தச் சான்றிதழை எப்போது வாங்கி வைப்பது என்று சொல்லித் தரும் வேலை. "நமக்கு யாரும் சொல்லலல்ல, நாம சொல்லுவோம்" என்றாய். நீ பேசுவாய். நான் சார்ட் ஒட்டுவேன், பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் தலையை ஆட்டிக்கொண்டே வேறெங்கோ இருந்தார்கள், யார் கேட்க வந்து கேட்காமல் விட்டார்கள் என்று வகுப்பு முடிந்ததும் உன்னிடம் சொல்வேன். அது நமக்குள் இருந்த ஏற்பாடு.

நான்காவது பள்ளி சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரில். மைன்ஸ் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். தூசியில் வேப்பிலைகூட வெள்ளை பூத்திருக்கும். எட்டாம் வகுப்பில் பதினேழு பேர். என்ன ஆகப் போகிறீர்கள் என்று முதல் வகுப்பில் நீ கேட்டபோது பதினோரு பேர் கலெக்டர் என்றார்கள். "எல்லாரும் கலெக்டராயிட்டா மனு யாருடா குடுக்கறது?" என்று நீ கேட்டதும் வகுப்பே சிரித்தது. மறுவாரம் வருவதற்குள், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியில் கண்ணில் படுகிற வேலைகளை எல்லாம் எழுதி வரச் சொன்னாய். பலர் ஐந்தாறோடு நிறுத்திக்கொண்டார்கள். கவியரசி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா ஓட்டுகிற டிப்பர் லாரியில் தொடங்கி, பஞ்சர் கடை, வெல்டிங், பால் எடுப்பவர் என்று போய்க் கடைசியில் லாரிகளை நிறுக்கிற எடைமேடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற அக்காவில் முடிந்தது. அந்த அக்கா என்ன படித்திருக்கிறார் என்று கேட்டாயா என்றாய்.

"கேட்டேன் மிஸ். பி.காமாம். 'உங்க வூட்ல அவ்ளோ தூரம் வுடுவாங்களா'ன்னு என்னையத் திருப்பிக் கேட்டாங்க."

நீ கற்றுக் கொடுத்த படிப்பு முறை மூன்றே சொல்: படி, மூடு, சொல்லு. படித்ததை மூடி வைத்துவிட்டு யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும். கேட்க ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆட்டுக்குட்டியிடம் சொல்லுங்கள் என்றாய். அதை அப்படியே எடுத்துக்கொண்டவள் கவியரசிதான். "ஒளிச்சேர்க்கை வரைக்கும் எங்க ஆடு உக்காந்து கேக்குது மிஸ். செல் பிரிதல்னா எந்திரிச்சிப் போயிருது" என்று அடுத்த வாரம் வந்து சொன்னாள். நீ மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

உன் யோசனைகளிலேயே பெரியது ஒத்திகை. நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். டி.சி. வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வேறு ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த ஒரு கோடையில்தான் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள் என்பது உன் கணிப்பு. "மூளை இல்லாம நிக்கல. அங்க கக்கூஸ் எங்க இருக்குன்னு தெரியாது, ஆபீஸ்ல யாருகிட்ட பேசணும்னு தெரியாது. அதுக்குப் பயந்துதான் நிக்கிதுங்க" என்பாய். அதனால் முழுப் பரீட்சைக்கு முன்பு ஒருநாள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பின் ஒரு நாளை வாழ்ந்து பார்க்க வேண்டும். அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே பஸ்ஸில் ஏறி, அந்தப் பள்ளியின் ஆபீஸையும் வகுப்பையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆளுக்கொரு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும். போன வருடத்துப் பிள்ளைகளோடு போனபோது "நீயும் ஒண்ணு கேக்கணும்" என்று என்னையும் மாட்டிவிட்டாய். நான் வாட்ச்மேனிடம் மணி கேட்டேன். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டே கேட்டேன் என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தாய்.

அந்த ரோட்டைப் பற்றி இனிமேல் எழுதித்தான் ஆக வேண்டும்.

நம் பஸ் ரோட்டின் மறுபக்கம் நிற்கும். ஊர் இந்தப் பக்கம். உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் அந்த நிறுத்தத்தில்தான் ஏற வேண்டும். ஊர்ப்பக்க ஓரத்தில் எடைமேடைக்காகக் காத்திருக்கும் லாரிகள் வரிசையாக நிற்கும். சில நாள் பத்து, சில நாள் முப்பது. ஓடுகிற வண்டிகளுக்கு எல்லோரும் பயந்தார்கள். இரண்டு பக்கமும் பார்த்து, பிள்ளைகளின் கையைப் பிடித்து, பாதி ரோட்டைக் கடப்பார்கள். வரிசையில் நிற்கிற லாரிகளுக்கு வந்ததும் கையை விட்டுவிடுவார்கள். ஒன்றின் பின்பக்கத்துக்கும் அடுத்ததன் முன்பக்கத்துக்கும் நடுவில் புகுந்து ஊருக்குள் போய்விடுவார்கள். பால்குடத்தோடு போவார்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த ஊரில் யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

எனக்கு மட்டும் அந்த இடுக்கில் நுழையக் கால் வராது. அவ்வளவு உயரமான இரும்பு முகத்துக்குக் கீழே எப்படித்தான் நடக்கிறார்களோ என்றிருக்கும். வரிசையின் வால் வரைக்கும் நடந்து சுற்றி வருவேன். நீ அதற்குள் பள்ளி வாசலில் நின்று என்னைப் பார்த்து உதடு பிதுக்கிக்கொண்டிருப்பாய். "நிக்கிற லாரி கடிக்குமாடி?" என்பாய். பிள்ளைகளுக்கு முன்னால் ஒருநாள் அப்படிச் சொன்னாய். அவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பயப்படுகிறவர்கள் எப்போதும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. பஸ் தாமதம். "நான் முன்னாடி போயி போர்டுல எழுதிப் போட்டுர்றேன், நீ உன் பிரதட்சணத்த முடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு நீ இடுக்கை நோக்கிப் போனாய். நான் வாலை நோக்கி நடந்தேன். அன்றைக்கு வரிசை நீளம். பாதி தூரம் போயிருப்பேன். வரிசையின் தலைப்பக்கம் எங்கோ ஒரு லாரி பிரேக்கை விடும் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. வரிசை நகர்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு லாரியாக அந்தச் சத்தம் என்னை நோக்கி வந்தது. பிறகு ஆட்கள் கத்துகிற சத்தம்.

நான் ஓடி வரவில்லை. உன்னிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். என் கால் நகரவில்லை. ஒரு டயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். நீ வைத்திருந்த சார்ட் சுருள்கள் ரோட்டில் கிடந்தன. அதைத்தான் பார்த்தேன். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு அறக்கட்டளையில் கூப்பிட்டுத் தனியாக வகுப்புகளைத் தொடர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். அதனால் தலையாட்டிவிட்டேன். அந்தப் பள்ளிக்கு முதல் நாள் தனியாகப் போய், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் எழுதினேன். பாதிப் பாடவேளை எழுதிக்கொண்டே இருந்தேன். திரும்பினால் நீ நிற்கிற இடத்தில் நான் நிற்பது தெரிந்துவிடும். ஒரு பையன் "மிஸ், நீங்க பேச மாட்டீங்களா?" என்று கேட்டான். "டேய் சும்மா இர்றா. இவங்க எழுதுற மிஸ். பேசுற மிஸ் தான்..." என்று சொல்ல வந்த கவியரசி அதோடு நிறுத்திவிட்டாள். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு மணி அடித்த பிறகு அவள் மட்டும் நின்றாள். "மிஸ், எங்கப்பா ஒம்பதாப்பு வேணாங்குது" என்றாள். உன் டீச்சரே அந்த ரோட்டைத் தாண்ட முடியவில்லை, நீ தாண்டிவிடுவாயா என்று கேட்டாராம். அவர் சொன்னதற்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது. லாரி ஓட்டுகிறவரே தன் பிள்ளையை அனுப்பவில்லையாம் என்று மற்ற பெண்களின் வீடுகளிலும் பேச்சுத் தொடங்கியது. பிள்ளைகளை அந்த ரோட்டைத் தாண்டி அனுப்பத்தான் நீ இத்தனை பாடுபட்டாய். இப்போது அனுப்பாமல் இருப்பதற்கு உன் பெயரையே சொன்னார்கள். அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த வாயால் சொல்வேன்? வாரா வாரம் அந்த வரிசையைச் சுற்றி வருவதற்குள் எனக்கே முதுகெல்லாம் நனைந்துவிடும்.

ஒத்திகை நாள் வந்தது. பிள்ளைகளை ரோட்டுக்கு அழைத்துப் போகிற தைரியம் எனக்கு இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பள்ளி மைதானத்திலேயே சாக்பீஸால் எல்லாவற்றையும் வரைந்தேன். இங்கே வீடு, அங்கே பஸ், நாற்காலிகள் போட்டு இருக்கை, மூலையில் உயர்நிலைப் பள்ளி, அதற்குள் ஆபீஸ், வகுப்பு, கழிப்பறை. பிள்ளைகள் நன்றாகவே நடித்தார்கள். ஒருவன் கண்டக்டராகி, "பாஸ் இருக்கா, படிக்கட்டுல நிக்காத" என்று எல்லோரையும் அதட்டினான். ஆபீஸ் கிளார்க்காக உட்கார்ந்தவள் "நாளைக்கு வா" என்றே எல்லோருக்கும் சொன்னாள். எனக்கு மனசு லேசானது. யாரும் எங்கும் போகாமலே ஒத்திகை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கவியரசி வீட்டுக் கட்டத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"மிஸ், ரோட்டையே காணோமே."

உண்மைதான். எல்லாம் வரைந்திருந்தேன், அதை வரையவில்லை. வேண்டுமென்று விட்டேனா, என் கை தானாகத் தவிர்த்துவிட்டதா என்று இப்போதும் தெரியவில்லை. அவள் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக் குறுக்கே இரண்டு கோடு போட்டாள். ஓரத்தில் வரிசையாகப் பெட்டிகள் வரைந்தாள். பிள்ளைகள் பெட்டிக்கொருவராக லாரியாகி நின்றார்கள். மற்றவர்கள் அந்த லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து பஸ்ஸுக்குப் போனார்கள். அவ்வளவு நடந்த பிறகும் அப்படித்தான் போனார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த வழி அதுதானே. நான் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகாமல் கவியரசி வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா வண்டி விட்டு வந்து வாசலில் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொன்னேன். "சத்தமா சொல்லுங்க டீச்சரம்மா. லாரிக்காரன் காது, மெதுவா சொன்னா ஏறாது" என்றார். நானும் சத்தமாகச் சொன்னேன். அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"எனக்கும் அந்த ரோட்ட நெனச்சாப் பயம்தாங்க."

கை கழுவ எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். "பயமில்ல, அனுப்புங்கன்னு சொல்ல வந்திருக்கீங்கன்னு பாத்தா, நீங்களே பயம்ங்கிறீங்க. அப்புறம் எதுக்கு அனுப்பச் சொல்றீங்க?"

என் அக்காவைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூடம் தூரம் என்று எட்டோடு நிறுத்தப்பட்டவள் அவள். இன்றைக்கு வங்கிப் படிவம் வந்தால் ஊரிலிருந்து என்னைக் கூப்பிட்டு, நான் போகும் வரைக்கும் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். "போனாலும் பயம்தாங்க, நின்னாலும் பயம்தாங்க. ரெண்டையும் நான் பாத்துருக்கேன்" என்றேன். பிறகு, நான் யோசிக்காமலே ஒன்று கேட்டேன். லாரிக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்களா என்றேன்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "மேல உக்காந்துட்டா முன்னாடி ஒட்டி நிக்கிறவங்க தெரியாதும்மா. வண்டி ஓட்டுற எல்லாருக்கும் அது தெரியும். நடக்குற சனத்துக்குத் தெரியாது. நாங்களும் சொன்னதில்ல" என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, "அன்னிக்கு ஓட்டுனவன் எனக்குத் தெரிஞ்ச பையந்தான். இப்ப அவன் வண்டி ஏறுறதில்ல" என்றார்.

ஒரு சனிக்கிழமை அவர் தன் காலி லாரியைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்தார். தலைமை ஆசிரியைக்கு உதறல். சாவியைக் கழற்றித் தன் கையில் கொடுத்த பிறகுதான் பிள்ளைகளைப் பக்கத்தில் விட்டார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கடைசிவரைக்கும் வெயிலிலேயே நின்றார். கவியரசியின் அப்பா பிள்ளைகளை வண்டிக்கு முன்னால் ஒட்டி நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக மேலே ஏற்றி ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். ஏறியவர்கள் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். உட்கார்ந்து முன்னால் பார்த்ததும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் "நீங்களும் ஏறுங்க டீச்சரம்மா" என்றார்.

எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மைதானம் தெரிந்தது. கொடிக்கம்பம் தெரிந்தது. தூரத்தில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பதினேழு பிள்ளைகள் வண்டிக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர்கூட இல்லை. "கையத் தூக்குங்க" என்று அவர் கீழிருந்து குரல் கொடுத்தார். கண்ணாடியின் அடி விளிம்பில் சில விரல் நுனிகள் மட்டும் எட்டிப் பார்த்தன.

நீ குள்ளம். என் தோள் உயரம்தான் இருப்பாய். உன் கை நிறைய சார்ட் இருந்தது. கையைத் தூக்கியிருக்க முடியாது. தூக்க வேண்டும் என்று உனக்குத் தெரியவும் தெரியாது. அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த பயம் இதற்கு முன் வந்த எதைப் போலவும் இல்லை. இத்தனை நாளும் லாரியைப் பார்த்துப் பயந்திருந்தேன். அன்றைக்கு, லாரிக்குள் இருந்தால் நானும் உன்னைப் பார்த்திருக்க மாட்டேன் என்று பயந்தேன். ஸ்டீயரிங்கில் கை படாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் கீழே கையைத் தூக்கியபடியே நின்றிருந்தார்கள். இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அவர் மேலே உட்கார்ந்துகொண்டு, கவியரசியை ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகச் சொன்னார். தன் முழு முகமும் அவளுக்குத் தெரிந்த இடத்தில் நில் என்றார். அங்கே கோடு போட்டோம். எத்தனை அடி என்று பிள்ளைகள் அளந்து நோட்டில் எழுதினார்கள். "உனக்கு டிரைவர் மூஞ்சி தெரியலைன்னா டிரைவருக்கு நீ தெரியல. அவ்ளோதான் பாடம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நிறுத்தத்தை ஊர்ப்பக்கம் மாற்றித் தரும்படி பிள்ளைகள் சேர்ந்து எழுதிய மனுவை ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரிசையில் நின்று, பெயரைக் கேட்டபோது நானே சொன்னேன். பதில் இன்னும் வரவில்லை.

டி.சி. கொடுக்கும் நாளில் பதினாறு பேர் வாங்கிக்கொண்டார்கள். கவியரசியுடையது மட்டும் தலைமை ஆசிரியையின் மேசையில் இருந்தது. பத்து நாள் அங்கேயே இருந்தது. நான் போகும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் வீட்டில் போய்க் கேட்கப் பயம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒருநாள் மேசையில் அது இல்லை. அவளுடைய அப்பா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனதாகச் சொன்னார்கள். என்ன முடிவு என்று அவர் சொல்லவில்லையாம்.

நேற்று பள்ளி திறந்தது. எட்டு மணிக்கு முன்பே போய் ரோட்டோரம் நின்றேன். வரிசையில் பதினான்கு லாரிகள். பிள்ளைகள் புதுச் சீருடையில் கூட்டமாக வந்தார்கள். கவியரசி இருந்தாள். இரண்டு சடையும் ரிப்பனுமாக எல்லோருக்கும் முன்னால் வந்தாள். வழக்கமான இடுக்கைப் பார்த்ததும் ஒரு பையனின் கால் தன்னால் அதற்குள் திரும்பியது. அவனுடைய பையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், மூஞ்சி தெரியுதா?"

"தெரியல."

"அப்ப சுத்தி வா."

அவர்கள் வால் வரைக்கும் நடந்தார்கள். கடைசி லாரிக்குப் பின்னால் தள்ளி நின்று, ஓடுகிற வண்டிகள் வழி விடும் வரைக்கும் காத்திருந்தார்கள். எதிரில் வந்த ஒரு லாரி வேகம் குறைத்தபோது கவியரசி தலையை நிமிர்த்தி உள்ளே இருந்தவரின் முகத்தைத் தேடினாள். அவர் கையசைத்த பிறகுதான் நகர்ந்தாள். பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பினால் புளியமரத்தடியில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியவில்லை. "மொத வாரம் பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பழகப் பழகப் பயம் போய்விடும் என்று நீ என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய். போகவில்லை. நீ எனக்குக் கற்றுக் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை சரி. இந்த ஒன்றில் நீ தப்பாகச் சொன்னாய் என்பதை யாரிடமும் நான் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். கோபமில்லை. உன்னைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்க வேண்டும், அவ்வளவு சத்தமாகப் பேச அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது எனக்கு வருகிற பயத்தை நான் மறைப்பதில்லை. வகுப்பில் குரல் நடுங்கினால் நடுங்குகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்.

நேற்று சாயங்காலம், ஒன்பதுக்குப் போகப் போகிறவர்களுக்கென்று நீ எல்லாப் பள்ளிக்கும் போட்டுக் கொடுத்த கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருத்தல், படிப்பு, குளியல், சாப்பாடு, பஸ் என்று ஒரு நிமிடம்கூட வீணாகாமல் நெருக்கி எழுதியிருந்தாய். இந்த வருடத்து எட்டாம் வகுப்புக்காக அதில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, "சுற்றிப் போக" என்று எழுதி, அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினேன்.